காற்று உண்டு, சரிவு இல்லை

ஆடியில் தஞ்சை வட்டாரத்துக்குக் காற்றுப் பஞ்சம் கிடையாது. பாலக்காட்டுக் கணவாய் வழியே நுழையும் தென்மேற்குக் காற்று கோவை, கரூர், திருச்சி தாண்டி டெல்டாவரை வந்து வீசுகிறது. அம்மியையே பறக்கவைக்கும் என்று பேரெடுத்த காற்று அது. ஆனாலும் எஞ்சின் இல்லாத ரிமோட் கிளைடர் ஒன்றை இங்கே வானில் நிறுத்திவைக்க அது போதாது. காற்றை மேல்நோக்கித் திருப்பிவிட ஒரு சரிவு வேண்டும். காவிரி கொட்டிப் பரப்பிய வண்டல் சமவெளியில் இல்லாதது அது ஒன்றுதான். 'ஸ்லோப் சோரிங்' எனப்படும் சரிவுப் பறத்தலை எடைபோட டெல்டா நல்ல இடம் என்று நான் நினைப்பதும் அதனால்தான். இந்த விளையாட்டின் சிறப்பு, குறை இரண்டுக்கும் வேர் ஒன்றே: அது நிலத்தை நம்பி இருக்கிறது.

கணக்கு எளியது. மணிக்கு 25 கி.மீ. வேகக் காற்று என்றால் நொடிக்கு ஏறத்தாழ 7 மீட்டர். 20 பாகைச் சரிவைத் தழுவி ஏறும்போது அது நொடிக்கு 2 மீட்டருக்குச் சற்று மேலான வேகத்தில் உயர்கிறது. நல்ல மாடல் கிளைடர் தானாக நொடிக்கு அரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டர்வரைதான் இறங்கும். எனவே காற்று ஓயும்வரை கிளைடரும் இறங்காது. உள்ளே இருக்கும் சிறு பேட்டரி, ரிசீவரையும் இறக்கைப் பகுதிகளை அசைக்கும் சர்வோக்களையும் இயக்க மட்டுமே.

பறக்கவிடும் முறையைப் பார்த்தால் இதன் சுவை புரியும். விளிம்பில் காற்றுக்கு முகம் கொடுத்து நின்று, ரிமோட்டின் குச்சியை அசைக்கும் பக்கம் இறக்கையின் பின்விளிம்பு சரியாக அசைகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு மூக்கைச் சற்றே தாழ்த்தி, நேராக ஒரு தள்ளு. மேல்நோக்கி எறிந்தால் வேகம் செத்துக் கவிழும். முதல் ஓரிரு நொடி கிளைடர் பள்ளத்தில் விழுவதுபோலத் தோன்றும். அதற்குள் ஏறுகாற்று வந்து தாங்கிக்கொள்ளும். அதன்பின் சரிவின் நீளத்துக்கு எட்டுப் போடுவதுதான் வேலை. ஒவ்வொரு திருப்பமும் மலையை விட்டு வெளிப்பக்கமாக இருக்க வேண்டும்; உள்பக்கம் திரும்பினால் பின்காற்று கொண்டுபோய்ப் பாறையில் மோதவைத்துவிடும். இறக்குவது அதைவிடக் கடினம். விளிம்புக்குப் பின்னால் காற்று மடங்கிச் சுழல்வதால், மெதுவாக வரும் கிளைடர் அங்கே பொத்தென்று விழும்.

இந்த இன்பம் பழையதாகாமல் இருப்பதற்கான காரணத்தை வரலாற்றிலும் காணலாம். சிறகடிக்காத பறவை உயரத்தை இழக்காமல் மிதந்தால், காற்று கிடைமட்டமாக வீசவில்லை அல்லது எல்லா இடத்திலும் ஒரே சீராக வீசவில்லை என்று பொருள் என்பதை 1883 இல் இயற்பியலாளர் ரேலி பிரபு விளக்கினார். 1911 அக்டோபரில் ஆர்வில் ரைட் மணல்மேட்டுக் காற்றில் 9 நிமிடம் 45 நொடி மிதந்தார். வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மனியின் எஞ்சின் விமானங்களைக் கட்டுப்படுத்தியபோது, அந்நாட்டு மாணவர்கள் வாசர்குப்பே மலைக்குப் போனார்கள். 1922 ஆகஸ்டில் ஹனோவர் மாணவர்களின் 'வாம்பயர்' கிளைடர் அங்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் பறந்தது. ஒன்று கையில் இல்லாதபோதுதான் இருப்பதைக் கூர்ந்து கவனிக்கிறோம். சரிவுப் பறத்தல் கவனிக்கக் கற்றுத்தருவது காற்றை.

இன்றைய டிரோனோடு ஒப்பிட்டால் இதன் முதல் பலம் தெரியும். டிரோன் ஜி.பி.எஸ். உதவியால் தானே நின்றுகொள்ளும். விரலை எடுத்தாலும் விழாது. கிளைடரை ஓட்டுபவர் புல் சாய்வதையும் பருந்து எந்த இடத்தில் சிறகடிக்காமல் ஏறுகிறது என்பதையும் பார்த்தே முடிவெடுக்கிறார். இரண்டாவது பலம் எளிமை. இ.பி.பி. ஃபோமில் செய்த ஒரு மீட்டர் இறக்கை பாறையில் மோதினாலும் பசையும் டேப்பும் போதும். அரை மணியில் மறுபடி பறக்கும். சத்தமும் இல்லை.

குறைகளும் சிறியவை அல்ல. நம் மலைகளில் பெரும்பகுதி வனத்துறையின் காப்புக்காடு. நினைத்த முகட்டில் ஏறி நிற்க முடியாது. தஞ்சையிலிருந்து பச்சைமலைக்கோ கொல்லிமலைக்கோ போய்வர ஒரு நாள் கழிகிறது. போன அன்று காற்று திசை மாறினால் அந்த நாளும் வீண். கிளைடர் பள்ளத்தாக்கில் விழுந்தால் தேடி எடுக்கிற ஆசையே ஆபத்து.

வேக மோகம் இன்னொரு குறை. எஃப்3எஃப் எனப்படும் சரிவுக் கிளைடர் பந்தயத்தில் 100 மீட்டர் தூரத்தைப் பத்து முறை கடக்க வேண்டும். தேர்ந்தவர்கள் 40 நொடிக்குள் முடிக்கிறார்கள். அது திறமைப் போட்டி, குறை சொல்வதற்கில்லை. ஆனால் ரேலி சொன்ன இரண்டாம் வகை, அதாவது முகட்டுக்கு மேலும் பின்னும் உள்ள காற்றின் வேக வித்தியாசத்தைக் கறந்து சுற்றுவது, வேறொரு பாதையில் போய்விட்டது. 2021 இல் கலிஃபோர்னியாவில் ஸ்பென்சர் லைசன்பியின் கிளைடர் மணிக்கு 880 கி.மீ. தாண்டியது. பொறியியல் சாதனைதான், மிதக்கும் இன்பம் அதில் இல்லை, பக்கத்தில் நிற்பவருக்குப் பாதுகாப்பும் இல்லை.

இனி டெல்டாவுக்கு வருவோம். காவிரிக்கரையும் கொள்ளிடக்கரையும் சரிவுகள்தானே என்று கேட்கலாம். அவற்றின் மேல் எழும் ஏறுகாற்று மிக மெல்லிய பட்டை. கரையோரத் தென்னையும் மின்கம்பியும் அதையும் விடுவதில்லை. கோடியக்கரையில் மணல்மேடு உண்டு, கடற்காற்றும் உண்டு; ஆனால் அது 1967 முதல் வனவிலங்கு சரணாலயம், வலசைப் பறவைகளின் இடம். அங்கே இதற்கு வேலையில்லை.

மிஞ்சுவது வயல். வட்டெறிவதுபோலச் சுழன்று கையால் வீசும் எஃப்3கே வகைக் கிளைடருக்கு (இறக்கை 1.5 மீட்டருக்குள், எடை 600 கிராமுக்குள்) சரிவே தேவையில்லை, வெயிலில் சூடேறி எழும் காற்றே போதும். கும்பாபிஷேகத்தன்று கோபுரத்துக்கு மேல் கருடன் வட்டமிடக் காத்திருக்கும் ஊர்க்காரர்களுக்கு அந்தக் காற்று புதிதல்ல. ஆனால் வயலுக்கும் ஒரு காலண்டர் உண்டு. சம்பா அறுத்த வயலில் உளுந்தும் பயறும் நிற்கும். விழுந்த கிளைடரை எடுக்க அதில் நடந்தால் ஒருவர் மகசூலை மிதிக்கிறோம். ஜூனில் குறுவை நாற்றங்காலுக்குத் தண்ணீர் வந்துவிடும். உளுந்து எடுத்தபின் சித்திரை, வைகாசியில் கிடைக்கும் சில வாரங்களே இதற்கான காலம். ஆடிக்காற்று வரும்போது வயல் நீரில் நிற்கும்.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. 2021 டிரோன் விதிகள் பொழுதுபோக்கு மாடல்களுக்கு வகைச் சான்றிதழிலிருந்து விலக்கு அளித்தாலும், வான்வெளி மண்டலக் கட்டுப்பாடுகள் இவற்றுக்கும் பொருந்தும். 2020 ஜனவரி முதல் சுகோய் படையணி இயங்கும் விமானப்படைத் தளம் தஞ்சையில் இருக்கிறது. வரைபடம் பார்க்காமல் எதையும் பறக்கவிடுவது அறிவீனம்.

ஆக, சரிவுப் பறத்தல் டெல்டாவின் விளையாட்டு அல்ல. அப்படி ஆக்க முயல்வதும் வீண். அதன் சாரமான காற்றறிவை இங்கே வளர்க்கலாம். ஏரோமாடலிங் சொல்லித்தரும் என்.சி.சி. விமானப் பிரிவும் பொறியியல் கல்லூரிகளும், டிரோன் வாங்கித் தருவதற்கு முன் மாணவர் கையில் ஒரு ஃபோம் கிளைடரைக் கொடுக்கட்டும். நிலக்காரரிடம் அனுமதி கேட்டு, சித்திரை வயலில் பழகட்டும். ஆண்டுக்கு ஒரு முறை, அனுமதியுள்ள மலைமுகட்டுக்கு அழைத்துப் போகட்டும்.