பச்சைக் கட்டத்துக்குக் காத்திருக்கும் கண்

இரைப்பை-குடல் மருத்துவத்தில் நேற்றுச் சேர்ந்த டி.எம். மாணவரும் செயற்கை நுண்ணறிவுக் கருவியோடு முதுநிலை நிபுணரைப்போல் கொலனோஸ்கோபி (பெருங்குடல் உள்நோக்கிப் பரிசோதனை) செய்துவிடலாம் என்ற பேச்சு இப்போது மருத்துவ மாநாடுகளில் அடிபடுகிறது. சிறு ஊர்களுக்கு இது வரமாம். காஞ்சிபுரம், காரப்பேட்டையில் 1969 முதலே அண்ணாவின் பெயரில் புற்றுநோய் மருத்துவமனை உள்ள ஊர். அங்கும் அந்தக் கருவிப் பெட்டியை வைத்தால் தேர்ந்த கை இல்லாத குறை தீருமாம்.

கருவி பாலிப்பை, அதாவது குடல் சுவரில் முளைக்கும் சதையை, திரையில் பச்சைக் கட்டம் போட்டுப் பிடிக்கிறது, மறுப்பில்லை. 2020இல் வெளியான இத்தாலிய ஆய்வில் புற்றுநோயாக மாறக்கூடிய பாலிப்பான அடினோமா அகப்பட்டது கருவி இல்லாத குழுவில் 40.4 சதவீதம், இருந்த குழுவில் 54.8. கூடுதலாகக் கிடைத்தவை பெரும்பாலும் பொடிப் பாலிப்புகள், போகட்டும்.

ஆனால் திரையில் விழாததற்குக் கருவி கட்டம் போடாது. மடிப்புக்குப் பின்னால் இருப்பதைத் திரைக்குக் கொண்டுவருவது கை. பெருங்குடலின் சிக்மாய்டு வளைவில் ஸ்கோப்பில் விழும் லூப்பை அவிழ்ப்பதும், நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பதும், ஸ்கோப்பை அவசரப்படாமல் பின்னிழுப்பதும் அதன் வேலை. காஞ்சிப் பட்டுத் தறியிலும் எந்த இழை எழ வேண்டும் என்பதை ஜக்கார்டு பார்த்துக்கொள்ளும்; உடலையும் கரையையும் கோர்வை சேர்ப்பவர் நெசவாளிதான். மடிப்பை விலக்காமல் வெளியே வரும் மாணவருக்குக் கட்டம் தோன்றாது. அவரும் குடல் சுத்தம் என்று அறிக்கை எழுதிவிடுவார்.

2025 ஆகஸ்டில் லான்செட் குழும இதழில் வந்த போலந்து ஆய்வில் இருந்தவர்கள், ஆளுக்கு 2,000க்கு மேல் கொலனோஸ்கோபி செய்து பழகியவர்கள். கருவி வந்த பிறகு, அது இல்லாமல் அவர்கள் செய்த பரிசோதனைகளில் அடினோமா கண்டறிதல் 28.4 சதவீதத்திலிருந்து 22.4ஆக இறங்கியது. வெறும் அவதானிப்பு ஆய்வு, வேலைப்பளுவும் காரணமாக இருக்கலாம் என்று சமாதானம் சொல்கிறார்கள். இருக்கட்டும். பழகிய கண்ணுக்கே இந்தக் கதி என்றால், முதல் ஐம்பது பரிசோதனையைக்கூடத் தாண்டாதவரைக் கருவியின்முன் நிறுத்த எப்படித் துணிகிறார்கள்?

போதாததற்கு, நம்மவர் குடலில் அடினோமா மேலைநாட்டாரைவிடக் குறைவு. இங்கே மாணவர் திணறுவது சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்துப் புண்ணைப் பார்த்துத்தான்: காசநோயா, குடல் அழற்சி நோயான குரோன்ஸா? பாலிப்புக்குப் பழக்கிய கருவிக்கு அந்தக் கேள்வியே தெரியாது. குரோன்ஸ் என்று தவறாக முடிவெடுத்தால் காசநோயாளிக்கு ஸ்டீராய்டு போகும்.

கை படியும்வரை கருவியை அணைத்து வையுங்கள். பரிசோதனை முடிந்தபின் பதிவான வீடியோவை அதில் ஓட்டி, விட்டதைக் காட்டுங்கள். அந்த அளவில் அது நல்ல வாத்தியார். அதற்குப் பக்கத்தில் உட்காரப் பேராசிரியரின் அரை மணி நேரம் வேண்டும். அந்த அரை மணியை மிச்சம் பிடிக்கத்தான் பெட்டியையே வாங்குகிறார்களோ என்று எனக்குச் சந்தேகம்.