கருவி நல்லதானால் போதுமா?

கோப்புகளை இறக்கப் பயன்படும் டாரன்ட் மென்பொருள்களைத் தரவரிசைப்படுத்திப் பட்டியல் போடுவது இப்போது ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. ஆண்டு பிறந்தால் போதும், தொழில்நுட்பம் எழுதுகிறவர்களும் காணொளி வெளியிடுகிறவர்களும் ஐந்தையோ பத்தையோ வரிசையாக நிறுத்தி, எது வேகமானது, எது இலேசானது, எதில் விளம்பரத் தொல்லை இல்லை என்று எடைபோட்டு, முடிவில் ஏறக்குறைய எல்லோரும் ஒரே உபதேசத்தில் வந்து சேருகிறார்கள்: மூலநிரல் திறந்த மென்பொருளைத் தேர்ந்துகொள்ளுங்கள், வி.பி.என். ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள், பிறகு அச்சமில்லை. இந்த உபதேசத்துக்கு ஆதரவாக ஒரு வாதமும் அண்மையில் அடிக்கடி காதில் விழுகிறது. ஹாஷ், கையொப்பம் என்றெல்லாம் போதித்தால் சாமானிய மனிதனுக்குப் புரியாதாம். அவனால் எளிதில் செய்யக்கூடிய இரண்டு காரியங்களைச் சொல்லிவிட்டால் பெரும்பாலான அபாயம் விலகிவிடுமாம். இந்த வாதம் பிழையானது என்பதும், பிழையாக இருப்பதோடு நில்லாமல் தீங்கும் செய்கிறது என்பதும் என் நெடுநாளைய அபிப்பிராயம்.

பட்டியல்களில் உண்மை இல்லாமல் இல்லை. மென்பொருள்களுக்குள்ளே நல்லதும் கெட்டதும் நிச்சயமாக உண்டு. 2005-ல் சுவீடனைச் சேர்ந்த லுட்விக் ஸ்ட்ரிகேயுஸ் எழுதி வெளியிட்டபோது சின்னஞ்சிறியதாகவும் சுத்தமாகவும் இருந்த மியூடாரன்ட், மறு ஆண்டே பிட்டாரன்ட் நிறுவனத்தின் கைக்குப் போய், காலப்போக்கில் விளம்பரங்கள் மண்டி, 2015 மார்ச்சில் எபிக் ஸ்கேல் என்ற நிரலையும் கூடவே கொண்டுவந்து இறக்கியதையும், அந்த நிரல் பயனருடைய கணினியின் உழைப்பைக் கொண்டு கிரிப்டோ நாணயம் தோண்டுகிறது என்று பெரும் கூச்சல் எழுந்த பிறகே நிறுவனம் அதை விலக்கியதையும் யாரும் மறுக்க முடியாது. க்யூபிட்டாரன்ட், டிரான்ஸ்மிஷன், டெலூஜ் போன்றவை இந்தக் களங்கம் இல்லாதவை. மூலநிரலை எவரும் வாசித்துப் பார்க்கலாம். டாரன்டில் ஒரு கோப்பைப் பகிர்கிற ஒவ்வொருவருடைய ஐ.பி. முகவரியும் அதே கோப்பைப் பகிரும் மற்றெல்லோருக்கும் தெரிவதால், அதை மறைக்கும் வி.பி.என்.னுக்கும் ஒரு பிரயோஜனம் உண்டு. இவ்வளவையும் ஒப்புக்கொண்டே சொல்லுகிறேன்: இப்பட்டியல்கள் கேட்கவேண்டிய முதற்கேள்வியைக் கேட்பதே இல்லை.

அந்தக் கேள்வி இன்னதென்று விளங்க, பிராம் கோஹன் 2001-ல் வகுத்த பிட்டாரன்ட் முறையின் அடிப்படையைச் சற்று நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஒரு பெரிய கோப்பு பல துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் ஹாஷ் என்னும் கணித முத்திரை ஒன்று கணக்கிடப்பட்டு, டாரன்ட் என்னும் சிறு கோப்பிலேயே பதிக்கப்படுகிறது. முகமறியாத எத்தனையோ பேரிடமிருந்து துண்டுதுண்டாக வந்து சேர்வதையெல்லாம் மென்பொருள் அந்த முத்திரையோடு ஒப்பிட்டு, ஒரு பிட் மாறியிருந்தாலும் அத்துண்டைத் தள்ளிவிட்டு மீண்டும் கேட்டு வாங்குகிறது. நம்புவதற்கு ஆதாரமே இல்லாத ஒரு கூட்டத்தினிடமிருந்து பழுதில்லாத நகலைப் பெற்றுத் தருகிற இந்த உபாயம், நம் காலத்தின் அருமையான பொறியியல் சாதனைகளில் ஒன்று என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த முத்திரை சாட்சி சொல்லுவது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான்: டாரன்டை ஆக்கியவன் எதை வைத்தானோ அதுவே உங்களிடம் வந்திருக்கிறது. அவன் வைத்தது நஞ்சாக இருந்தால், ஒரு பிட்டும் குறையாத நஞ்சே வந்து சேரும். எந்த மென்பொருளைக் கொண்டு இறக்கினாலும் இந்த நியதி மாறாது. ஆகவே முதற்கேள்வி, 'இதை ஆக்கியவர் யார், அவரை எதனால் நம்புகிறேன்' என்பதே. 'எதைக் கொண்டு இறக்குவது' என்பது அதற்குப் பின்னால் வரவேண்டியது.

இதை ஏட்டளவிலான சிந்தனை என்று தள்ளிவிட முடியாதபடி 2016-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இரண்டு வாரத்துக்குள் இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன. பிப்ரவரி 20-ஆம் தேதி லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தின் வலைத்தளத்துக்குள் யாரோ புகுந்து, 17.3 சின்னமன் பதிப்பின் பதிவிறக்க இணைப்பை மாற்றி, பின்வாசல் வைத்த போலி நகல் ஒன்றுக்குத் திருப்பிவிட்டார்கள். அன்று டாரன்ட் வழியாக அதே பதிப்பை இறக்கியவர்களுக்கு ஒரு தீங்கும் நேரவில்லை. உண்மையான வெளியீட்டாளர் முன்பே ஆக்கிவைத்திருந்த டாரன்டின் உள்ளடக்கத்தை இடையில் புகுந்தவனால் மாற்ற இயலாது. மார்ச் 4-ஆம் தேதி நடந்தது இதற்கு நேர்மாறு. மேக் கணினிகளுக்கான மிக நல்ல டாரன்ட் மென்பொருள் என்று போற்றப்பட்ட, மூலநிரல் திறந்த, விளம்பரமே இல்லாத டிரான்ஸ்மிஷனின் சொந்த வலைத்தளத்திலேயே அதன் 2.90 பதிப்பு, கீரேஞ்சர் என்ற பணயத் தீநிரலோடு சேர்த்து வைக்கப்பட்டிருந்தது. அது மூன்று நாள் சும்மா இருந்து, பிறகு கோப்புகளையெல்லாம் பூட்டி, திறந்துவிட ஒரு பிட்காயின் கேட்டது. ஆப்பிள் நிறுவனம் அங்கீகரித்த சான்றிதழ் ஒன்றின் கையொப்பத்தோடு வந்ததால், கணினியின் காவலும் அதைத் தடுக்கவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் டிரான்ஸ்மிஷனுக்கு இதே வகையான விபத்து இரண்டாம் முறையும் நேர்ந்தது. பட்டியல்களின் அளவுகோலால் அளந்தால் முதல் மதிப்பெண் பெற்றிருக்கவேண்டிய கருவி அது. அதை இறக்கியவர்கள் தேர்வில் தவறவில்லை. கையில் வந்தது யார் ஆக்கியதென்று சரிபார்க்கும் பழக்கத்தை அவர்களுக்கு எவரும் கற்றுக்கொடுக்கவில்லை.

மூலநிரல் திறந்தது என்பதாலேயே குற்றம் நீங்கியது என்று நினைப்பதும் இதே பிரமையின் மற்றொரு முகம். இன்று பட்டியல்களின் தலைமாட்டில் அமர்ந்திருக்கும் க்யூபிட்டாரன்ட், தன் சொந்தக் காரியங்களுக்காக வலையிலிருந்து சிலவற்றை இறக்கும்போது, எதிரிலிருக்கும் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் பிழையானது என்று தெரிந்தாலும் அதைப் பொருட்படுத்தாமல் 2010 முதல் 2024 வரை இயங்கிவந்தது. 2024 அக்டோபரில் வந்த 5.0.1 பதிப்பில்தான் அது திருத்தப்பட்டது. பதினான்கு ஆண்டுகள் அந்த நிரல் எல்லோர் கண்ணுக்கும் திறந்தே கிடந்தது. நான் அந்த மென்பொருளைக் குறைசொல்ல வரவில்லை. இன்றும் அதையே பயன்படுத்தச் சொல்லுவேன். பெயரை மட்டும் நம்பிப் பரிசோதனையைக் கைவிடும் மனப்பான்மையையே குறைசொல்லுகிறேன்.

பெரும்பாலோருக்கு அபாயம் வரும் வழி இதைக் காட்டிலும் எளியது. விலை கொடுத்து வாங்கவேண்டிய ஒரு மென்பொருளின் 'கிராக்' என்று சொல்லி இறக்கப்படும் கோப்புறையைத் திறந்து பாருங்கள். நிறுவும் கோப்பு ஒன்று, கடவுச்சொல் இட்டுப் பூட்டிய சுருக்கக் கோப்பு ஒன்று, 'முதலில் இதைப் படிக்கவும்' என்ற பெயரில் ஓர் உரைக்கோப்பு. அந்த உரைக்கோப்பில் கடவுச்சொல்லும், அதற்கு மேலே ஒரு வரியில், ஆன்ட்டி வைரஸை அணைத்துவிட்டு நிறுவுமாறு ஒரு கட்டளையும் இருக்கும். ஆன்ட்டி வைரஸ் எச்சரித்தால் அது பொய் எச்சரிக்கை என்ற சமாதானமும் இருக்கும். பூட்டியிருப்பதால் உள்ளே இருப்பதைப் பாதுகாப்பு நிரல் முன்கூட்டிப் பார்க்க முடியாது. பூட்டைத் திறக்கும் தருணத்தில் பார்த்துவிடாதபடி அதைப் பயனரே தம் கையால் அணைத்துவிடுகிறார். பிறகு நிர்வாகி அனுமதி கேட்டு ஒரு சாளரம் எழும்புகிறது. அதற்கும் அவரே சம்மதம் தருகிறார். இந்த மூன்று காரியங்களிலும் டாரன்ட் மென்பொருளுக்கு ஏதாவது பங்கு உண்டா? விளம்பரமில்லாத மென்பொருளால் இறக்கினாலும் விளம்பரம் மிகுந்ததால் இறக்கினாலும் விளைவு ஒன்றே. திரைப்படமென்று இறக்குபவருடைய நிலையும் இதுதான். தெரிந்த கோப்பு வகைகளின் பின்னொட்டை மறைத்துக் காட்டுவது விண்டோஸின் இயல்பான அமைப்பு. ஆகவே எம்.பி.4 என்று முடிவதாகக் கண்ணுக்குத் தெரியும் பெயருக்குப் பின்னே இ.எக்ஸ்.இ. என்ற மூன்றெழுத்து ஒளிந்திருந்தால், படம் பார்க்கச் சொடுக்கியவர் உண்மையில் ஒரு நிரலையே ஓடவிடுகிறார்.

'ஆயிரம் பேர் சீட் செய்கிறார்களே (முழுக் கோப்பையும் வைத்துக்கொண்டு பிறருக்குப் பகிர்கிறார்களே), அத்தனை பேரும் ஏமாறுவார்களா?' என்ற கேள்வியும், அந்த எண்ணிக்கையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள் என்று பல பட்டியல்கள் தரும் ஆலோசனையும் ஆராயத் தக்கவை. சீட் செய்வோர் எண்ணிக்கை வேகத்துக்கு ஆதாரமே அன்றி, யோக்கியதைக்கு ஆதாரமாகாது. 2017-ல் ஈசெட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் விவரித்த சதூர்பாட் என்ற தீநிரல் இதற்குப் போதுமான சாட்சி. திரைப்பட டாரன்ட்களில், படத்தோடு 'கோடெக்' நிறுவி என்ற பெயரில் அது வைக்கப்பட்டிருந்தது. அந்த டாரன்ட்களைச் சீட் செய்வோர் ஏராளமாக இருப்பதாகவும் தோன்றியது. தொற்றிய கணினியையே சீட் செய்யும் கணினியாக மாற்றும் வல்லமையும் அந்த நிரலுக்குள் இருந்தது. கூட்டத்தைச் சாட்சிக்கு அழைப்பவர், அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் தாம் செய்வதை அறிந்து செய்கிறார்கள் என்று கேட்பதில்லை.

இனி வி.பி.என். இதைப் பற்றிச் சொல்லும்போது என் சொற்கள் சற்றுக் கடுமையாகலாம்; ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். வி.பி.என். உங்கள் முகவரியை மறைக்கிறது. நீங்கள் இறக்கும் கோப்பில் ஒரு பிட்டைக்கூட அது ஆராய்வதில்லை. மறைப்பிலும் உங்கள் நம்பிக்கை இடம் மாறுகிறதே ஒழிய மறைவதில்லை: இதுவரை இணைய நிறுவனத்துக்குத் தெரிந்த சங்கதி, இப்போது வி.பி.என். நடத்துபவருக்குத் தெரிகிறது. இலவச வி.பி.என். சேவையாகப் பெயர் பெற்ற ஹோலா, தன் பயனர்களின் இணைய இணைப்பையே வேறொரு சேவையின் மூலம் விற்றுவந்தது 2015-ல் அம்பலமாயிற்று. இந்தியாவில் 2022 ஏப்ரல் 28-ஆம் தேதி அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த ஆணை, வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து ஆண்டு வைத்திருக்கவேண்டும் என்று வி.பி.என். நிறுவனங்களுக்கு விதித்தது; அதனால் சில நிறுவனங்கள் தம் சர்வர்களையே இந்நாட்டிலிருந்து அகற்றிக்கொண்டன. இவற்றையெல்லாம் சொல்லாமல் 'வி.பி.என். போட்டால் பத்திரம்' என்று எழுதுவது எத்தகைய உபதேசம்? வாசகர் இறக்கப்போவது திருட்டுச் சரக்கே என்று வாய்விட்டுச் சொல்லாமல் அனுமானித்துக்கொண்டு, பிடிபடாமல் இருப்பதையே பாதுகாப்பு என்று கற்பிக்கும் உபதேசம். ஒளிந்துகொள்ளக் கற்றவர் சோதித்துப் பார்க்கக் கற்கவில்லை. ஒளிந்திருக்கிறோம் என்ற தைரியத்தில், முன்பு தொடத் தயங்கியதையும் தொடுகிறார். இந்தப் பட்டியல்களால் விளையும் பெரிய தீங்கு இந்தப் பொய்த் தைரியமே என்பேன்.

சாமானிய மனிதனுக்கு வேறு எதுவும் புரியாது என்ற வாதத்தை நான் சிறிதும் ஏற்கவில்லை. டெபியன், உபுண்டு ஆகிய இயங்குதளங்களும் லிப்ரே ஆபீஸ் என்ற அலுவலக மென்பொருளும் தங்கள் வெளியீடுகளைத் தாங்களே டாரன்டாகவும் தருகின்றன. இன்டர்நெட் ஆர்க்கைவ் தன் நூல்களையும் ஒலிப்பதிவுகளையும் 2012 முதல் அவ்வாறு வழங்கிவருகிறது. வெளியீட்டாளரின் சொந்தத் தளத்திலிருந்து டாரன்டை எடுப்பதற்கு எந்தச் சாஸ்திரமும் வேண்டாம். இறக்கிய கோப்பின் எஸ்.எச்.ஏ.-256 ஹாஷைக் கணக்கிட விண்டோஸிலேயே கட்டளை இருக்கிறது. வெளியீட்டாளர் அச்சிட்டிருக்கும் 64 எழுத்துகளோடு அதை ஒப்பிட ஒரு நிமிஷம் போதும். தளமே கைமாறியிருந்தால் அங்கே அச்சிட்ட எழுத்தும் மாறியிருக்கலாமாதலால், பெரிய திட்டங்கள் அந்த ஹாஷ் பட்டியலுக்கு டிஜிட்டல் கையொப்பமும் இடுகின்றன. சிரத்தை உள்ளவர் அதையும் சரிபார்க்கலாம். கோப்பின் பின்னொட்டு தெரியும்படி அமைப்பை மாற்றுவது, பாதுகாப்பு நிரலை எவர் சொன்னாலும் அணைக்க மறுப்பது, வெளியீட்டாளர் இன்னார் என்று சொல்ல முடியாத நிரலை ஓடவிடாமல் இருப்பது ஆகிய இவற்றில் எது சாமானியனுடைய புத்திக்கு அப்பாற்பட்டது? மாதச் சந்தா கட்டி வி.பி.என். அமைத்துக்கொள்ளத் தெரிந்தவருக்கு இவை தெரியாமற்போகும் என்பது அவரை அவமதிப்பதாகும்.

ஆகவே பட்டியல் எழுதும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இது. உங்கள் கட்டுரையின் வரிசையைத் தலைகீழாக்குங்கள். ஆக்கியவர் யார் என்று தெரிந்துகொள்வதற்கு முதற்பக்கத்தைக் கொடுங்கள். சரிபார்க்கும் முறைக்கு அடுத்த பக்கம். மென்பொருளின் பெயருக்குக் கடைசிப் பத்தி போதும், அதையும் அதன் சொந்தத் தளத்திலிருந்து எடுத்து ஹாஷ் பார்த்து நிறுவச் சொல்லுங்கள். வாசகரும் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளட்டும்: ஆக்கியவர் பெயர் தெரியாத நிரலை எந்த மென்பொருளாலும் பத்திரமாக இறக்க முடியாது.