மை துடைக்கிற கை

கோயாவின் 'போரின் பேரழிவுகள்' என்றதும் நம்மவர்கள் 'மனிதநேயம்' என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அந்தப் படங்களை அச்சடித்தது யார், எப்படி என்று யாரும் கேட்பதில்லை.

தொழிலிலிருந்தே தொடங்குவோம். செப்புத் தகட்டில் மெழுகும் பிசினும் கலந்து பூசி ஊசியால் கீறினால், கீறிய இடத்தில் செம்பு தெரியும். அமிலம் அந்த இடத்தை மட்டும் அரிக்கும். அதிக நேரம் அரித்தால் ஆழமான கோடு, அழுத்தமான கறுப்பு. இதுதான் எட்சிங். உளியால் செம்பைச் செதுக்க வருஷக்கணக்கில் பயிற்சி வேணும். இங்கே ஊசி பேனாவைப்போல ஓடும்.

ஆனால் இந்தச் சுதந்திரத்துக்கும் கடிவாளம் போட்டார்கள். ழாக் கலோ 1633இல் வெளியிட்ட போர்க் காட்சிகள் 18 தகடுகள். அமிலம் அரித்த கோடுகள்தான், ஆனால் உளிக்கோடு மாதிரியே வீங்கி மெலிகின்றன. 1645இல் ஆப்ரஹாம் போஸ் எழுதிய கையேடு இந்த ஒழுங்கைப் பாடமாக்கியது. கலோவின் மரத்தில் தொங்கும் பிணங்களும் அந்த ஒழுங்குக்குள் அடங்கிவிடுகின்றன.

கோயா அடங்கவில்லை. 1808இல் ஸ்பெயினில் மூண்ட போரையும் அதன் பஞ்சத்தையும் 1810 முதல் தகடுகளில் கீறினார். தன் பழைய நிலக்காட்சித் தகடுகள் இரண்டை வெட்டி அவற்றின் பின்பக்கத்தையும் பயன்படுத்தினார். 1814இல் ஏழாம் பெர்னாண்டோ திரும்பிவந்து அரசியல் சட்டத்தை ரத்து செய்தான். படங்கள் வெளிவரவில்லை. கோயா 1828இல் இறந்தார். 35 வருஷம் கழித்து, 1863இல், மாட்ரிட்டின் சான் பெர்னாண்டோ கலைக்கழகம் 80 தகடுகளை அச்சிட்டது.

சிக்கல் துடைப்பதில் இருக்கிறது. தகட்டில் மை பூசியபின் மேற்பரப்பைத் துணியால் துடைப்பார்கள். கோயா காலத்துச் சோதனைப் படிகளில் மேற்பரப்பு சுத்தமாகத் துடைக்கப்பட்டிருக்கிறது. கோடு வெள்ளைத்தாளில் தனியாக நின்று கத்துகிறது. 1863 படிகளில் மைப்படலத்தை விட்டுவைத்தார்கள். வெள்ளை மங்கிப்போய், கொலைக்களத்தின் மேல் அந்திப்பொழுது மாதிரி ஓர் அழகு படர்ந்தது. இதற்குப் பெயர் தணிக்கை இல்லை, அன்றைய ரசனை. தணிக்கையென்றால் எதிர்த்துச் சண்டை போடலாம். ரசனையை என்ன செய்வது?

கழகம் அச்சிடாமலிருந்தால் படங்கள் பரவியிருக்காது என்பதும் உண்மை. ஆகவே நிறுவனத்தைத் திட்டிவிட்டு நகர முடியாது. 44ஆம் படத்துக்குக் கோயா வைத்த தலைப்பு 'நான் இதைப் பார்த்தேன்'. பார்த்தவன் போனபின் அவன் சாட்சியம் மை துடைக்கிறவன் கைக்குப் போகிறது. அடுத்தமுறை ஒரு புத்தகத்தில் இந்தப் படங்களைக் காணும்போது இது எந்த அச்சுப்படி என்று கேளுங்கள். அதுவும் விமர்சனத்தின் வேலைதான்.