காலங்கடந்த கண்ணீர்

ஊரைக் கொளுத்தியவன், சாம்பல் ஆறிய பின் வந்து, "நெருப்பு சுடும் என்பதை அறியாதிருந்தேன்" என்று கூறினால், அவனை என்னென்று அழைப்பது? வாய்மையாளன் என்றா? வருந்தித் திருந்தியவன் என்றா? சில திங்களாக என் உறக்கத்தைப் பறித்துக்கொண்ட வினா இது.

கல்லூரி எனக்குப் பட்டம் தந்தது. வியட்நாம் போரைப்பற்றித் தந்ததோ ஒன்றரைப் பக்கம்! அதையே வகுப்பில் ஒப்புவித்தேன். "அமெரிக்கா அங்கே ஏன் ஐயா போயிற்று?" என்றான் ஒரு மாணவன். பாடநூலிலும் விடை இல்லை. பாடம் நடத்தியவனிடமும் இல்லை. வெட்கினேன். அன்றிரவே வீட்டைப் பள்ளியாக்கினேன். ஆசிரியனும் நானே, மாணவனும் நானே.

முதலில் எடுத்த நூல், இராபர்ட் மக்னமாரா எழுதிய 'இன் ரெட்ராஸ்பெக்ட்'. 1961 முதல் 1968 பிப்ரவரிவரை அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சராக இருந்து, அந்தப் போரை நடத்தியவர் அவர். 1995 ஏப்ரலில் வெளிவந்த இந்நூலில், தவறிழைத்ததை ஒப்புகிறார்; 11 காரணங்களை அடுக்குகிறார். அதிகாரப் பீடத்தில் அமர்ந்தவர்களில் இவ்வளவேனும் ஒப்புக்கொண்டோர் எத்தனை பேர்? அந்தச் சிறப்பை மறுப்பதற்கில்லை. நானும் உருகினேன்.

உருகிய உள்ளம் உறைந்தது, பென்டகன் ஆவணங்களைப் புரட்டியபோது! 1967 ஜூனில் அவரே தொகுக்கப் பணித்தவை. 47 தொகுதிகள், ஏறத்தாழ 7,000 பக்கங்கள். டேனியல் எல்ஸ்பர்க் வெளிக்கொணர, 1971 ஜூனில் நியூயார்க் டைம்ஸ் அச்சிட்டது. 2011இல் முழுமையாகத் திறந்துவிடப்பட்ட அவற்றை, இன்று எவரும் வீட்டிலிருந்தே படிக்கலாம். இரண்டையும் அருகருகே வைத்தேன்.

அந்நாட்டை அறியாதிருந்தோம் என்கிறது நூல். ஆனால், தென்வியட்நாமும் லாவோசும் வீழ்ந்தால் அண்டை நாடுகள் சீட்டுக்கட்டுபோல் விரைவில் சரியும் என்ற அச்சத்துக்கு, கம்போடியா ஒன்று நீங்கலாக, ஆதாரமில்லை என்று உளவுத்துறையே 1964 ஜூனில் எழுதிக்கொடுத்தது ஆவணத்தில் இருக்கிறது. அறியாமையா அது? அறிந்தவர் சொல்லைக் கேளாமை!

டோங்கின் வளைகுடாவைப் பாருங்கள். 1964 ஆகஸ்டு 2இல் அமெரிக்கக் கப்பல் தாக்கப்பட்டது உண்மை. 4ஆம் நாள் மீண்டும் தாக்கினர் என்றார்கள். 7ஆம் நாள், கீழவையில் 416க்கு 0, மேலவையில் 88க்கு 2 என்று போருக்கு வழிவிடும் தீர்மானம் நிறைவேறியது. இல்லாத தாக்குதல்! ஆனால் 1995இல் வந்த நூலோ, அது நடந்திருக்கக்கூடும் என்றே இழுக்கிறது. அதே ஆண்டு நவம்பரில் ஹனோய் சென்று, தளபதி ஜியாப்பிடம் கேட்ட பிறகே ஐயம் நீங்கினார் ஆசிரியர். முதலில் நூல், பிறகு விசாரணை! என்னே விந்தை!

இவற்றினும் பெரிய குறை, மௌனம். வெல்ல முடியாதென்ற ஐயம் பதவியில் இருக்கும்போதே அவருக்கு எழுந்தது. விலகினார், வாய் திறக்கவில்லை. போரில் மாண்ட 58,000க்கும் மேற்பட்ட அமெரிக்கரில் பாதிக்கு மேற்பட்டோர் அவர் விலகிய பின் மாண்டவர்கள். வியட்நாமியர்? நூல் வெளிவந்த அதே ஏப்ரலில் அந்நாட்டு அரசு அறிவித்தது: குடிமக்கள் ஏறத்தாழ 20 லட்சம், போராளிகள் 11 லட்சம். அவர்களின் குரலை இந்நூலில் தேடினேன். அமைச்சரவை அறைகளின் பேச்சொலியே கேட்டது.

தோழர்களே! இந்நூலைப் படிக்காதீர்கள் என்று கூறமாட்டேன். படியுங்கள், குற்றவாளிக் கூண்டில் நிற்பவரின் வாக்குமூலமாக. வாக்குமூலம் தீர்ப்பாகாது, ஆவணமும் வேண்டும், அடிபட்டவன் சாட்சியமும் வேண்டும். ஆள்வோர் சொன்னதாலேயே ஒன்று மெய்யாகிவிடாது. அழுதுகொண்டே சொன்னாலும் ஆகாது!

மறுவாரம் அந்த மாணவனிடம் சொன்னேன்: "பொய்யை நம்பிப் போனார்கள் தம்பி, பொய்யென ஐயுற்றவர்கள் பேசாதிருந்தார்கள்." அவன் உடனே கேட்டான்: "ஏன் ஐயா பேசவில்லை?"

அந்த வினாவுக்கு 11 காரணங்களில் ஒன்றும் விடையாகவில்லை.