ஒரு பண்டம், ஒரு கை

சிங்கப்பூரில் எங்கே சாப்பிடலாம் என்று ஊரிலிருந்து வருகிறவர்கள் கேட்டால், "என்ன சாப்பிடப் போகிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்பது என் வழக்கம். பண்டம் தெரிந்தால்தான் கடையைச் சொல்ல முடியும். இங்குள்ள உணவங்காடி நிலையங்களில் ஒரு கடைக்காரர் பெரும்பாலும் ஒன்றிரண்டு பண்டங்களோடு தன் வாழ்நாளைக் கழித்துவிடுகிறார். கோழிச் சோறு போடுகிறவர் மீ (நூடுல்ஸ்) வறுக்க மாட்டார். மீ வறுக்கிறவர் கோப்பி கலக்க மாட்டார். கோப்பிக்குத் தனிக் கடை, கரும்புச் சாற்றுக்குத் தனிக் கடை. முப்பது வருடம் ஒரே சட்டியின் முன்னால் நின்ற கைக்கு ஒரு பக்குவம் வந்துவிடுகிறது. பெரிய ஓட்டல் சமையல்காரருக்கு அது எளிதில் வாய்ப்பதில்லை. அவர் ஒரே நாளில் ஐம்பது பண்டங்களைப் பார்க்க வேண்டியவர். அந்தப் பக்குவப்பட்ட கையைத் தேடிப் போவதில்தான் இந்த ஊரில் சாப்பிடுவதன் சுகம் இருக்கிறது.

இந்தக் கடைகள் ஒரு காலத்தில் தெருவில் இருந்தவை. காவுதடியில் தூக்கியும் தள்ளுவண்டியில் உருட்டியும் ஆற்றங்கரையிலும் முச்சந்தியிலும் விற்றார்கள். 1968, 69இல் அரசாங்கம் பதிவு செய்தபோது சுமார் 18,000 தெருவோர வியாபாரிகள் இருந்தார்கள். 1971இல் தொடங்கி 1986க்குள் அவர்களைக் கூரையும் குழாய்த் தண்ணீரும் சாக்கடை வசதியும் உள்ள நிலையங்களுக்கு மாற்றினார்கள். இன்று அப்படி 110க்கும் மேற்பட்ட நிலையங்கள் இருக்கின்றன. 2020 டிசம்பரில் யுனெஸ்கோ இந்த அங்காடிப் பண்பாட்டை மனித குல மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது நிலையத்தின் அமைப்பு. சுற்றிலும் கடைகள், நடுவில் எல்லாருக்கும் பொதுவான மேசைகள். எந்தக் கடையில் வாங்கினாலும் எந்த மேசையிலும் உட்காரலாம். ஒரு மேசையில் நான்கு பேர் உட்கார்ந்து நான்கு சமையலைச் சாப்பிடலாம். ஹலால் தட்டுகள் தனி, மற்றவை தனி. சாப்பிட்டு முடித்துத் திருப்பி வைக்கும் அடுக்கும் தனித்தனி. மேசை மட்டும் ஒன்றுதான். பல நிலையங்கள் அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவில், ஈரச்சந்தையை ஒட்டி இருப்பதால் காய்கறி வாங்க வந்த பாட்டியும் அலுவலகம் போகிறவரும் அங்கேயே காலைப் பசியாறிவிட்டுப் போகிறார்கள். காலியாக இருக்கும் மேசை மேல் ஒரு டிஷ்யூ தாள் பொட்டலம் கிடந்தால் அந்த இடத்தை யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம், அதை நகர்த்தாதீர்கள். சாப்பிட்ட தட்டைத் திருப்பி வைப்பது 2021 முதல் கட்டாயம்.

முதல் முறை வருகிறவரை நான் கோழிச் சோற்றுக்கு அழைத்துப் போவேன். நம் ஊர்க்காரர்கள் அந்தத் தட்டைப் பார்த்ததும் முகம் வாடுவதைக் கவனித்திருக்கிறேன். வெளுத்த கோழி, மசாலா வாசனை இல்லை, குழம்பு இல்லை. ஆனால் இந்த ஊரில் இதைவிட நுணுக்கமான சமையல் குறைவு. ஹைனான் தீவிலிருந்து வந்தவர்கள் மற்ற சீனக் குழுக்களுக்குப் பின்னால் வந்து சேர்ந்தவர்கள். நல்ல தொழில்களெல்லாம் மற்றவர் கையில் இருந்ததால் பலர் வெள்ளைக்காரர் வீடுகளிலும் கப்பல்களிலும் சமையல் வேலைக்குப் போனார்கள். அவர்கள் ஊர்க் கோழிச் சமையல் இங்கே வந்து இந்த வடிவம் எடுத்தது. கோழியைத் தளதளவென்று கொதிக்க விடுவதில்லை. கொதி அடங்கிய சூட்டில் மெல்ல வேகவிட்டு, எடுத்த உடனே குளிர்ந்த நீரில் முக்குகிறார்கள். தோல் சட்டென்று இறுகி, தோலுக்கும் சதைக்கும் நடுவில் கூழ் போன்ற மெல்லிய படலம் படிகிறது. சதை நார்நாராகப் பிரியாமல் வழுவழுப்பாக இருக்கிறது.

ஆனாலும் கடையை எடைபோட நான் கோழியைப் பார்ப்பதில்லை, சோற்றைப் பார்க்கிறேன். கோழிக் கொழுப்பில் இஞ்சியும் பூண்டும் வதக்கி, அரிசியை அதில் பிரட்டி, கோழி வெந்த சாற்றையே ஊற்றி, பாண்டான் இலை முடிச்சைப் போட்டு ஆக்கிய சோறு அது. ஒரு வாய் வெறும் சோறாகச் சாப்பிட்டுப் பாருங்கள். பருக்கை பருக்கையாக இருக்க வேண்டும், கையில் எண்ணெய் வழியக் கூடாது, விழுங்கிய பிறகு இஞ்சி வாசனை தொண்டையில் நிற்க வேண்டும். அந்த ஒரு வாயில் தேறிய கடையில் மற்றதெல்லாம் தேறும். அதற்கப்புறம்தான் மிளகாய், இஞ்சி, பூண்டு, சின்ன எலுமிச்சை சேர்த்து அரைத்த சாந்தைத் தொட வேண்டும். மேக்ஸ்வெல் நிலையத்தில் தியன் தியன் கடையின் பெயர் உலகெங்கும் போய்விட்டது. வரிசையும் அதற்கேற்ற நீளம். பசியோடு போனவர்கள் அங்கேயே நின்று வாட வேண்டாம். நீங்கள் தங்கியிருக்கும் வட்டாரத்து நிலையத்திலேயே சோற்றில் தேறிய கடை ஒன்று இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

சார் குவே தியாவ் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அகலமான அரிசி மீயைப் பன்றிக் கொழுப்பில், முட்டையும் மட்டிச் சதையும் சீனத் தொத்திறைச்சியும் இனிப்பான கறுப்புச் சோயாவும் சேர்த்து, பெரும் தீயில் வறுப்பது. சட்டியின் சூடே வாசனையாக மீயில் ஏற வேண்டும். பத்துத் தட்டுக்கு ஒரேயடியாக வறுத்துக் குவித்தால் அந்த வாசனை வராது; மீ வெந்து குழையும். ஒன்றிரண்டு தட்டாக வறுக்கிறவரிடம் போங்கள். பழைய விமான நிலையச் சாலை நிலையத்தில் நின்று இந்த வேலையை வேடிக்கை பார்த்தால் காத்திருப்பது தெரியாது.

இனி நம்மவர் அடுப்பு. ராமநாதபுரம், தென்காசி, கடையநல்லூர்ப் பக்கங்களிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் இந்த ஊருக்குக் கொடுத்த சமையலைத் தமிழ்நாட்டில் எங்கே தேடினாலும் கிடைக்காது. மீ கோரெங்கை எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் மீ சீனருடையது, பெயர் மலாய், வறுத்த கை தமிழ்க் கை. தக்காளி, அரைத்த மிளகாய், உருளைக்கிழங்கு, முட்டை எல்லாம் சேர்ந்து செக்கச்செவேலென்று தட்டுக்கு வரும். ஓரத்தில் வெள்ளரிக்காய்த் துண்டும் தக்காளிச் சாஸும். சீனர் கடை மீ சோயாவின் உப்புச் சுவையில் நிற்கும். இது புளிப்பும் காரமும் லேசான இனிப்புமாக நம் நாக்குக்கு உடனே பழகிவிடும். நல்ல கைக்காரரின் மீ ஈரமாக இருக்காது, வறண்டும் இருக்காது. சிவப்பு மசாலா ஒவ்வொரு இழையிலும் ஒட்டியிருக்கும், தட்டின் அடியில் தேங்காது.

ரொஜாக் கடை எனக்கு இன்னும் பிரியமானது. கண்ணாடிப் பெட்டிக்குள் இறால் வடை, தெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி), தௌஹு (டோஃபு), உருளைக்கிழங்கு, முட்டை என்று பொரித்தவை அடுக்கி வைத்திருக்கும். வேண்டியதைக் காட்டினால் மறுபடி சூடாக்கி, நறுக்கி, வெங்காயம், பச்சைமிளகாய், வெள்ளரிக்காயோடு தருவார்கள். உயிர் அந்தத் தொட்டுக்கொள்ளும் குழம்பில்தான் இருக்கிறது: சர்க்கரைவள்ளிக் கிழங்கு, வேர்க்கடலை, மிளகாய் சேர்ந்த கெட்டிக் குழம்பு. கிழங்கின் இனிப்பு முன்னால் வரும், காரம் தாமதமாக வந்து பிடித்துக்கொள்ளும். அதே கிழங்கைத்தான் மலாய்க்காரர்களும் மீ ரெபுஸ் குழம்பைக் கெட்டியாக்கச் சேர்க்கிறார்கள். இரண்டையும் அடுத்தடுத்து சாப்பிட்டுப் பார்த்தால் ஒரு சமையலறையின் சங்கதி அடுத்த சமையலறைக்குப் போயிருப்பதை நாக்கு கண்டுகொள்ளும். சீனரும் ரொஜாக் விற்கிறார்கள். அது இறால் விழுதில் பிரட்டிய அன்னாசி, வெள்ளரிக்காய், வறுத்த கடலை. முற்றிலும் வேறு பண்டம், அதுவும் நல்ல பண்டம்.

பரோட்டா விஷயத்தில் மதுரைக்காரர்களோடு எனக்கு வாக்குவாதம் உண்டு. அங்கே மாவை வீசி, மடித்து, சுருட்டி, வட்டமாகத் தட்டுகிறார்கள். அடுக்கடுக்காகப் பிரிகிறது, சால்னாவில் ஊறுகிறது. இங்கே ரொட்டி பிராட்டா போடுகிறவர் மாவை வீசி வீசி அடுத்த பக்கம் தெரியும் அளவுக்கு மெலிதாக்கி, ஓரங்களை உள்ளே மடித்துக் கல்லில் போடுகிறார். மேலே மொறுமொறுப்பு, உள்ளே மெத்தென்று ஒரு மென்மை. எதுவும் சேர்க்காத வெறும் பிராட்டாவை, கோசோங் என்று கேட்டு வாங்குங்கள். முட்டையும் பாலாடைக்கட்டியும் போட்டால் மாவின் குறை மறைந்துவிடும். கோசோங்கில் ஒளிய இடமில்லை. அதற்கு மீன்குழம்பு எனக்குப் போதும். பக்கத்து மேசையில் சீனக் குழந்தைகள் சீனியைத் தொட்டுச் சாப்பிடுவார்கள்; அந்தப் பழக்கத்தையும் நான் ரசிக்கிறேன். முர்தபா என்றால் சுல்தான் பள்ளிவாசலுக்கு எதிரே நார்த் பிரிட்ஜ் சாலைக்குப் போக வேண்டும். அங்குள்ள சம்சம் உணவகம் 1908இல் தொடங்கியது. அது அங்காடி நிலையம் இல்லை, ஆனாலும் கல்லின் முன்னால் நின்று கொத்திய ஆட்டிறைச்சியும் வெங்காயமும் முட்டையும் மாவுக்குள் மடிபடுவதைப் பார்க்காமல் நான் படியேறுவதில்லை.

தேக்கா நிலையத்தில் தோசையும் பிரியாணியும் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் இவ்வளவு தூரம் வந்தவர் அங்கே இடியாப்பத்தை இந்த ஊர் முறையில் சாப்பிட வேண்டும். தேங்காய்த் துருவலும் சர்க்கரையுமாகத் தருகிறார்கள். மலாய்க்காரரும் சீனரும் வரிசையில் நின்று வாங்கிப் போகும் பண்டம் அது.

மலாய்ச் சமையலுக்குக் கெய்லாங் சிராய் சந்தையின் மாடி. ஆடம் சாலை நிலையத்து நாசி லெமாக்கும் சொல்லத் தக்கது. அங்கே ஒரு கடையில் தேங்காய்ப் பாலில் பாஸ்மதி அரிசியை ஆக்குகிறார்கள், பால் கனம் இருந்தும் சோறு பொலபொலவென்று உதிர்கிறது. சுட்ட இறைச்சிக் குச்சியான சாத்தேவுக்கு மாலையில் லாவ் பா சாட் என்ற பழைய சந்தையை ஒட்டிய பூன் டாட் தெரு. வாகனப் போக்குவரத்தை நிறுத்திவிட்டு நடுத்தெருவில் மேசை போடுகிறார்கள். அந்த எண்கோண இரும்புச் சந்தை 1894இல் கட்டியது. சுவைக்காக இல்லாவிட்டாலும் அந்த வார்ப்பிரும்பு வளைவுகளுக்காக உள்ளே ஒரு சுற்று நடந்து வாருங்கள்.

நட்சத்திரங்களைப் பற்றிக் கேட்பீர்கள். 2016இல் மிச்செலின் கையேடு இரண்டு அங்காடிக் கடைகளுக்கு நட்சத்திரம் கொடுத்தது. அதில் ஒன்று, 200க்கு மேற்பட்ட கடைகள் உள்ள சைனாடவுன் வளாகத்தில் சோயா கோழிச் சோறு விற்ற கடை. தெருவிலிருந்து வந்த கைக்கு அந்த மரியாதை கிடைத்ததில் எனக்கு மனநிறைவு. ஆனால் கடை தேட எனக்கு வேறு அடையாளம் போதும்: வரிசையின் நீளத்தைவிட அதில் நிற்பவர்களைப் பார்ப்பேன். வீட்டுச் செருப்போடு, அரைக்கால் சட்டையோடு, "அங்கிள், வழக்கம்போல" என்று சொல்லிவிட்டு நிற்கிறவர்கள் இருந்தால் அங்கே சேர்ந்துகொள்ளலாம். மதியச் சாப்பாட்டுக்குப் பதினொன்றரைக்கு முன்னால் போய்விடுங்கள். பிறகு அலுவலகக் கூட்டம் வந்துவிடும். பல கடைகள் ஆக்கியது தீர்ந்ததும் மூடிவிடும், இரண்டு மணிக்கே அடுப்பைக் கழுவுகிறவர்கள் உண்டு.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. நான்கு, ஐந்து வெள்ளிக்கு, அதாவது சிங்கப்பூர் டாலருக்கு, கோழிச் சோறு கிடைக்கிறது. ஐம்பது காசு ஏறினாலும் ஊர் முணுமுணுக்கிறது. அதே ஆட்கள் கடைத்தொகுதிக்குள் இருபது வெள்ளி கொடுத்து ராமென் சாப்பிடும்போது வாய் திறப்பதில்லை. இது நியாயமில்லை. இந்த அங்காடிக்காரர்களின் இடைநிலை வயது 60ஐ ஒட்டி நிற்கிறது. விடியுமுன் எழுந்து சாறு காய்ச்சி, நாளெல்லாம் தீயின் முன் நிற்கும் வேலைக்குப் பல வீடுகளில் பிள்ளைகள் வருவதில்லை. கைப்பக்குவத்துக்கு ஒரு வெள்ளி கூடுதலாகக் கொடுக்க நாம் பழக வேண்டும். கோப்பிக்கும் அப்படியே: சீனியும் கொழுப்பும் சேர்த்து வறுத்த கொட்டையைத் துணிப்பையில் வடித்து, கண் முன்னால் கலந்து தருகிறார்கள்.

கூட்டமாக வந்திருந்தால் கடைசி இரவுக்கு மீன் தலைக்கறியை வைத்துக்கொள்ளுங்கள். கேரளத்திலிருந்து வந்த எம்.ஜே. கோமெஸ் என்பவர், மீன் தலையை விரும்பிச் சாப்பிடும் சீன வாடிக்கையாளர்களை மனதில் வைத்து இதைத் தொடங்கியதாகப் பொதுவாகச் சொல்கிறார்கள். ரேஸ்கோர்ஸ் சாலையில் வாழை இலை போட்டு, புளியும் மசாலாவும் தூக்கலாகத் தருவது ஒரு வகை. சீனர் கடைகளில் மண்சட்டியில், வெண்டைக்காயும் கத்தரிக்காயும் போட்டு, காரம் குறைத்து, குழம்பை இளக்கமாக வைப்பது இன்னொரு வகை. எனக்கு இரண்டாவதுதான் ஒரு பிடி கூட. மீனின் சுவை அதில் மசாலாவுக்குள் அமுங்குவதில்லை. கன்னச் சதையை முதலில் பெரியவர்களுக்கு வையுங்கள். கண்ணைச் சுற்றிய கொழுப்பு யாருக்கு என்பதை மேசையில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். தலை பெரியது, நான்கு பேருக்குக் குறைந்து போகாதீர்கள்.