பேயென்பதும் சாத்தானென்பதும்

தென்காசி விசுவநாதப் பெருமான் திருக்கோயிலுட் புகுவார், முன்மண்டபத்து ஓங்கிய தூண்களிற் சினந்து நிற்கும் வீரபத்திரரையும், ஆடல்புரியுங் காளியையும் கண்டு தொழுது செல்வர். அவ்வடிவங்களைக் கண்டு நடுங்குஞ் சிறாரும் உளர். ஆயினும் அவை தீமையின் வடிவங்கள் என்று கருதுவார் சைவருள் ஒருவருமிலர். அச்சந் தருவது வேறு, தீயது வேறு என்னும் இவ்வேறுபாடு நம்மனோர்க்கு இளமையிலேயே ஊட்டப்பெறுவது. இதனை உணராமையாற் பிறந்த வழுவொன்று திருநெல்வேலிச் சீமையில் நெடுங்காலமாக நிலவி வருகின்றது. அதனை ஆராய்தலே ஈண்டு நம் கருத்து.

இராபர்ட் கால்டுவெல் ஐயர் 1841-ல் இடையன்குடியில் அமர்ந்து சமயப்பணி புரிந்தவர். 1856-ல் அவர் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தின்பொருட்டுத் தமிழர் அவர்க்கு என்றுங் கடப்பாடுடையர். அக்கடப்பாடு அவர்தம் பிழையையும் போற்றுமாறு நம்மைப் பணியாது. 1849-ல் திருநெல்வேலிச் சாணாரைக் குறித்து அவர் எழுதிய நூல், அம்மக்களை இழித்துரைத்தமையால் அவர்தங் கடுங் கண்டனத்துக்கு ஆளாயினமை நாடறிந்தது. நாம் எடுத்துக்கொள்வது அந்நூலின் சமயப் பகுதியொன்றேயாம். தென்பாண்டி நாட்டு எளியோர் வழிபட்டவற்றுட் பல, கொலையுண்டும் அகாலத்தில் மாய்ந்தும் போன மானிடரின் ஆவிகளே என்று அவரே குறிக்கின்றார். குறித்தும், அவ்வழிபாட்டுக்குத் தம் மொழியிற் சாத்தானின் இனத்தைச் சுட்டுஞ் சொல்லையே பெயராக இட்டார். கொலையுண்ட ஓர் ஏழைமகனின் ஆவி, விண்ணினின்று வீழ்ந்த தேவதூதனாதல் யாங்ஙனம்?

பிறர் மதத்தை மறுக்கப் புகுவார், முதற்கண் அதனை அம்மதத்தார் ஒப்புமாறு எடுத்தோதல் வேண்டும். அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியார் பரபக்கத்துட் கைக்கொண்ட நெறி இதுவே. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரும், பெர்சிவல் பாதிரியாரோடிருந்து விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்து அந்நூலை நன்கு கற்ற பின்னரே 1854-ல் சைவதூஷண பரிகாரத்தை வெளியிட்டார். ஆதலின் கிறித்தவர் கொள்கையை அவர் கூறுமாறே கூறுவாம்.

சாத்தான் கடவுட்கு நிகரான பகைவன் அல்லன், அவன் படைக்கப்பட்டவன். நன்மைக்கு ஒரு முதலும் தீமைக்கு ஒரு முதலும் கொள்ளும் மாணி மதத்தில் முன்பு ஒழுகிப் பின் அதனை நீத்த அகுஸ்தீனார், தீமை ஒரு பொருளன்று, நன்மையின் குறைபாடே என்று நிறுவினார். 1215-ல் உரோமையிற் கூடிய நான்காம் இலாத்தரன் சங்கம், சாத்தானும் அவன் கணங்களும் கடவுளால் நல்லியல்பினராகவே படைக்கப்பட்டுத் தம்மாற்றானே தீயராயினர் என்று வரையறுத்தது. அவன் ஆற்றலுக்கும் எல்லையுண்டு. யோபுவின் வரலாற்றில், முதலில் அவ்வடியவன் உடைமைமேற் கைவைக்க மட்டுமே சாத்தானுக்கு உத்தரவு கிடைக்கின்றது, அடுத்து உடம்பின்மேல், உயிரைத் தொடுதற்கோ தடை விதிக்கப்படுகின்றது. மாற்கு எழுதிய சுவிசேஷத்திற் பன்றிக் கூட்டத்துட் புகுதற்கும் அசுத்த ஆவிகள் இயேசுவினிடம் விடை வேண்டி நிற்கின்றன. பதின்மூன்றாம் நூற்றாண்டினராகிய தோமா அக்குவினார், சாத்தான் மனிதனது கற்பனையைக் கலக்க வல்லனேயன்றி அவன் சித்தத்தை நேரே திருப்ப வல்லனல்லன் என்றும், உண்மை அற்புதம் அவனாற் செய்தற்கு அரிதென்றும் தெளிவுறுத்தினார்.

விடையின்றிப் பன்றிக்குள்ளும் புகமாட்டாத ஒருவன், தென்பாண்டி நாட்டில் ஊர்தோறும் கோயில்கொண்டு, ஒரு நாட்டு மக்கள் அனைவரையும் வழிவழி ஆண்டான் எனின், அதற்கு விடையளித்தவர் யாவர்? இவ்வினாவைக் கால்டுவெல் ஐயர்க்கு விடுத்தற்குச் சைவநூல் வேண்டுவதில்லை. அவர்தம் வேதமே போதும்.

இம்மயக்கத்துக்கு மொழிபெயர்ப்பும் ஒரு காரணமாம். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்திற் சாத்தானுக்குத் தியாபொலோஸ் என்பதும், மக்களைப் பற்றும் ஆவிகளுக்குத் தைமோனியோன் என்பதும் வெவ்வேறு சொற்கள். சீர்திருத்தச் சபையார் வழங்கும் தமிழ் விவிலியம் இரண்டையும் பெரும்பாலும் பிசாசு என்றே பெயர்த்தது. கத்தோலிக்கர் வழங்கும் 1995-ஆம் ஆண்டுத் திருவிவிலியம் முன்னதை அலகை என்றும் பின்னதைப் பேய் என்றும் பிரித்தது. பிரித்தது நன்றே, பேய் என்னும் நம் பழஞ்சொல் மட்டும் இன்னுஞ் சிறைமீண்டிலது.

அச்சொல் சைவத்துள் எப்பொருளில் வழங்குகின்றது? திருக்குற்றாலத்துச் சித்திர சபையிற் கூத்தப்பிரான் ஓவியமாய் நின்றருளுகின்றான். அதனோடு ஒருங்கெண்ணப்படும் ஐஞ்சபைகளுள் இரத்தின சபையாகிய திருவாலங்காட்டில், அவன் திருவடிக்கீழிருந்து பாடுபவர் பேயுருவை வேண்டிப் பெற்ற காரைக்காலம்மையார். பிறப்பிலியாகிய பெருமான் 'அம்மையே' என்று அழைத்தது அவ்வுருவத்தையே. வைணவரும் தம் முதலாழ்வார் மூவருள் ஒருவரைப் பேயாழ்வார் என்று கூறி வணங்குவர். பேயென்பது ஒரு வடிவின் பெயர். தன்னை இழந்த அன்பின் பெயருமாம். தீமையே இயல்பாகவுடைய ஒருவனுக்கு அது பெயராயினமை நமக்கு நேர்ந்த இழப்பு.

தீங்கிழைக்கும் ஆவிகளை நாட்டார் அஞ்சுதல் உண்டு, அதனை மறுக்கின்றிலம். புளியம்பட்டி அந்தோணியார் கோயிலுக்குப் பேய் நீங்கவென்று கிறித்தவரோடு பிறரும் சென்று தங்குகின்றனர். அங்கும் மக்கள் அஞ்சுவன பெரும்பாலும் அகால மரணமுற்றோரின் ஆவிகளையே. உரோமைத் திருச்சபையின் 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்போ, ஆயரது வெளிப்படையான இசைவு பெறாத எவரும் பேயோட்டுஞ் சடங்கை நிகழ்த்தலாகாது என்று விதிக்கின்றது. சபையார்க்குள்ள இவ்வெச்சரிக்கை, சந்தைக்குச் சந்தை நின்று நம் தெய்வங்களைச் சாத்தான் என்று கூவுவார்க்கு இல்லாதது வியப்பே.

இனித் தத்துவம். மனிதன் சாத்தானால் ஏமாற்றப்பட்டான் என்க. சாத்தானை ஏமாற்றியவன் யார்? ஒருவருமிலர், தன் சுதந்திரத்தாற் செருக்குற்றான் என்பர். குறையின்றிப் படைக்கப்பட்ட அறிவில், குறையில்லாத் திருமுன்னிலையில், அச்செருக்கு எவ்விடத்தினின்று எழுந்தது? குறை அவன்பால் முன்னரே இருந்ததெனிற் படைத்தோன்மேற் குற்றம் ஏறும்; இல்லையெனிற் காரணமின்றிக் காரியம் தோன்றிற்றாகும். தீமை வெறும் இன்மையே என்பதும் இதனைத் தீர்க்காது. இன்மை ஒருவனைத் தள்ளுமோ?

சித்தாந்தம் இவ்விடரை வேரிலேயே களைகின்றது. செருக்கின் வேராகிய ஆணவமலம் செம்பிற் களிம்புபோல உயிரோடு அநாதியே உள்ளது; இறைவனாற் படைக்கப்பட்டதன்று. அஃது ஓர் ஆளன்று, அறிவில்லாத சடம். இருள் பிற பொருளை மறைத்தும் தன்னைக் காட்டும். ஆணவமோ தன்னையும் காட்டாது என்பது உமாபதி சிவாசாரியர் திருவருட்பயனுட் கண்ட உண்மை. அநாதியான மலமொன்று உண்டெனின் இறைவனது தனிமுதன்மைக்கு இழுக்கன்றோ எனக் கிறித்தவர் வினவுவர். வலிய வினாவே. களிம்பு செம்பினைப் பற்றியதேயன்றிப் பொன்னைப் பற்றியதன்று. உடனிருத்தலால் ஒன்று மற்றொன்றற்கு நிகராகாது. மலத்தைப் பரிபாகப்படுத்துதற்பொருட்டு அதன்வழி நின்று மறைப்பதும் சிவசத்தியே. திரோதாயியைத் திருவருள் என்பது அதனாலன்றோ?

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. தென்காசி வட்டாரத்தில் ஒரே குடும்பத்து உடன்பிறந்தாருள் ஒருவர் சைவராயும் ஒருவர் கிறித்தவராயும் இருத்தலைக் காணலாம். தமையன் வீட்டுக் கொடை விழாவிற்கு வந்த தம்பி, படையற்சோற்றைச் சாத்தானுக்கு இட்டது என்று விலக்குவானாயின், விலக்கப்படுவது சோறு மட்டுமன்று. சோற்றை உண்ணாமை அவன் உரிமை. அதன்பொருட்டு யாரும் அவனை நோதல் வேண்டா. அதற்கு அவன் கூறுங் காரணமே ஆராயற்பாலது. சாத்தான் என்னுஞ் சொல் எபிரேயத்தினின்று வந்தது. அதனைத் தம் நூல் வகுத்த பொருளிலும் எல்லையிலும் அவர் வழங்குக. தமையன் படையலிட்ட மாடனுக்கும் அம்மனுக்கும் அப்பெயரையிட அவர் வேதத்தில் இடமிருப்பின், எடுத்துக் காட்டுக.