பஸ்டர் கீட்டன்: சிரிக்காத முகம்

பஸ்டர் கீட்டனைப் பற்றி எழுதுவோர் பலரும் அவரைச் சார்லி சப்ளினுக்கு அடுத்த ஆசனத்தில் இருத்திவிட்டு, பேசும்படம் வந்ததும் வீழ்ந்தார் என்று கதையை முடித்துவிடுகின்றனர். இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை.

சப்ளின் நம்மிடம் கண்ணீரைக் கேட்டுப் பெறுபவர். கீட்டன் எதையும் கேட்பதில்லை. 1926இல் உருவான 'த ஜெனரல்' படத்தைப் பாருங்கள். அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலம். புகையிரத சாரதியான நாயகனைப் படையில் சேர்க்க மறுக்கிறார்கள். காதலியோ அவன் சேர முயலவேயில்லை என்றெண்ணி முகம் திருப்பிக்கொள்கிறாள். எஞ்சின் சக்கரங்களை இணைக்கும் இரும்புத் தண்டின்மேல் வந்து குந்துகிறான். எஞ்சின் மெல்ல நகர்கிறது. தண்டோடு அவனும் மேலெழுந்து, கீழிறங்கி, மீண்டும் எழுகிறான். முகத்தில் சலனமேயில்லை. துக்கத்தில், தான் நகர்வதையே அவன் அறியவில்லை. (சக்கரம் சற்று வேகமாகச் சுழன்றிருந்தால் நடிகரின் உயிரே போயிருக்கும்.) இக்காட்சியை என் மாணவருக்குக் காட்டினேன். வகுப்பே சிரித்தது. கடைசி வாங்கிலிருந்த ஒருவன் மட்டும் "பாவம் சேர்" என்றான். கீட்டன் அழுது காட்டியிருந்தால் அந்தச் சொல் அவனிடமிருந்து வந்திராது.

பெருஞ்செலவில் எடுக்கப்பட்ட அப்படம் அன்று எடுபடவில்லை. 1928இல், தன் விருப்பப்படி படமெடுத்த சிறிய கலையகத்தை விட்டு எம்.ஜி.எம். நிறுவனத்தில் ஒப்பந்தமானார். சப்ளின் எச்சரித்ததாகக் கீட்டனே பின்னர் சொல்லியிருக்கிறார். முன்பெல்லாம் எழுதிய பிரதி இல்லாமலே படப்பிடிப்பு நடக்கும்; யோசனை தடைப்பட்டால் குழுவோடு பேஸ்போல் ஆடப் போய்விடுவார். எம்.ஜி.எம்மில் கதையும் வசனமும் பிறர் கையில். அங்கே அவர் நடித்த ஆரம்பப் பேசும்படங்கள் நன்றாகவே ஓடின என்பதை நம் விமர்சகர்கள் கவனிப்பதில்லை. அவரது குரலை மக்கள் ஏற்றுக்கொண்டார்கள். பறிபோனது பட்டறை. மதுவும் சேர்ந்துகொண்டது. 1933இல் நிறுவனம் அவரை நீக்கியது.

அவருடைய செல்வாக்கு பிற்காலத்தில்தான் வெளிப்பட்டது. 1928ஆம் ஆண்டுப் படமொன்றில் வீட்டின் முன்சுவர் முழுதாய்ச் சரிய, திறந்த ஜன்னலின் இடைவெளியில் அவர் தப்பி நிற்பார். அதையே 1987இல் ஜக்கி சான் தன் படத்தில் மீள நிகழ்த்தினார். ஆயினும் அவரை ஆழமாகப் புரிந்துகொண்டவர் சாமுவேல் பெக்கற் என்பேன். 1964இல் நியூயோர்க்கில் தயாரான அவரது குறும்படத்தில் முதியவரான கீட்டனே நாயகன். ஏறத்தாழ இறுதிவரை கமரா அவர் முதுகின் பின்னாலேயே போகிறது. கடைசியில்தான் அந்த முகத்தைக் காண்கிறோம்.